ஈரப்பதம் அக்காவும் எண்பத்திரண்டு சதவீதமும்

தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். கம்ப்யூட்டரைத் திட்டி, மிரட்டி, அதனோடு மூன்று நாள் பேசாமல் இருந்து, கடைசியில் வழிக்குக் கொண்டுவந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர்தான் ஈரப்பதம் அக்கா.

அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். ஹாஸ்டல் பதிவேட்டில் எழுதியும் இருந்திருக்கும். யாரும் புரட்டிப் பார்த்ததில்லை. மருத்துவக் கல்லூரி சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில் இருந்தது அந்த ஹாஸ்டல். வேலைக்குப் போகும் பெண்கள் முப்பது பேர் இருந்தோம். நான் வங்கி வேலையில் சேர்ந்து, பெட்டியோடு அங்கே போய் இறங்கியபோது அக்கா பன்னிரண்டாவது வருஷத்தில் இருந்தார். வார்டனே அவருக்கு அப்புறம் வந்தவர்தான்.

அக்காவுக்கு நெல் கொள்முதல் நிலையத்தில் வேலை. விவசாயிகள் கொண்டுவந்து கொட்டும் நெல்லில் ஒரு கைப்பிடி அள்ளி மெஷினில் போட்டு ஈரம் எவ்வளவு என்று பார்ப்பார். பதினேழைத் தாண்டினால், "காயவச்சு எடுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவார். நாள் முழுக்க இதையே செய்துவிட்டு வருவதால், சாயங்காலம் ஹாஸ்டலுக்குள் நுழைந்த பிறகும் அவருக்கு உலகம் ஈரமும் காய்ச்சலுமாகத்தான் தெரியும். இட்லியைப் பிட்டுப் பார்த்து, "இருபத்திரண்டு. தேறாது" என்பார். கொடியில் கிடக்கும் சுடிதாரைக் கடந்து போகிறபோது லேசாகத் தொட்டு, "பத்தொம்பது. இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கட்டும்" என்பார். ஒருநாள் வார்டன் மேடம் கரண்ட் விஷயமாக அவரைப் பிடித்துக் கத்து கத்தென்று கத்தினார். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, "நல்லா காஞ்ச கோபம் மேடம். எடுத்துக்கலாம்" என்றார். அதற்குமேல் யார்தான் கத்த முடியும்?

எங்களையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என்னை "பேங்க்கு" என்பார். என் அறையில் இருந்த ஆஸ்பத்திரிப் பெண் "நர்ஸு". பெயர் வைத்துப் பழகினால் அந்தப் பெண் போன பிறகு பெயர் மட்டும் நாக்கில் மிச்சம் நிற்கிறதாம். வேலையைச் சொல்லிக் கூப்பிட்டால் அந்தத் தொல்லை கிடையாது, அடுத்த நர்ஸ் வந்துவிடுவாள். அவரே சொன்ன காரணம் இது.

அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் ஹாஸ்டலைவிட்டுப் போனாலும், கல்யாணமோ, டிரான்ஸ்ஃபரோ, சண்டையோ, வாசலில் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். பெண் பெட்டியோடு ஆட்டோவில் ஏறப் போகும்போது, "கொஞ்சம் திரும்பிப் பாரும்மா" என்று ஒரு குரல் கொடுப்பார். அவள் திரும்புவாள், சிரிப்பாள், கையாட்டுவாள். ஆட்டோ சந்து திரும்பும்வரை எடுப்பார். இப்படிப் பன்னிரண்டு வருஷப் படம். நடுவில் பிறந்தநாள், பொங்கல், மழை பெய்து சாப்பாட்டு அறைக்குள் தண்ணீர் வந்த நாள் எல்லாம் உண்டு. இரண்டு செல்போன், ஒரு பழைய லேப்டாப், ஏழெட்டு பென் டிரைவ் நிறைய. எல்லாவற்றையும் வெட்டி ஒட்டி ஒரு படமாக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த லேப்டாப்போ, இரண்டு படத்தைச் சேர்த்துத் திறந்தாலே மூச்சடைத்து நின்றுவிடும்.

"கடைல ரெடிமேடா ஒண்ணு வாங்கிடுங்களேன்க்கா" என்றேன்.

"கடைக்காரன் மூட்டைய தச்சுக் குடுப்பான், உள்ள என்ன இருக்குன்னு நீ பார்த்தியா? நானே கட்டப்போறேன்" என்றார்.

கட்டினார், எட்டு மாசம். ஒவ்வொரு பாகமாக வாங்கினார். யாராக இருந்தாலும் மதர்போர்டில் ஆரம்பிப்பார்கள். அக்கா மவுஸில் ஆரம்பித்தார். அடுத்து சென்னையிலிருந்து பஸ் பார்சலில் கேபினெட் வந்தது. ஒரு பக்கம் கண்ணாடி, உள்ளே கலர் லைட் எரிகிற ரகம். மற்ற பாகங்கள் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று அதற்குள் புடவைகளை மடித்து வைத்தார். கண்ணாடி வழியாக மாம்பழக் கலர், பாசிக் கலர் என்று வரிசையாகத் தெரியும். "பீரோவ விட இது வசதி பேங்க்கு, திறக்காமலே எடுத்துக்கலாம்" என்றார். திறக்காமல் எப்படி எடுப்பது என்று நான் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புடவைகள் வெளியேறி மதர்போர்டு உள்ளே போனது. நான் டார்ச் பிடித்தேன். அக்காவுக்கு வழிகாட்டி, செல்போனில் ஓடிய ஒரு இந்திக்காரப் பையனின் வீடியோ. அக்காவுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. "அவன் பேசறதெல்லாம் விளம்பரம். கையை மட்டும் பாரு" என்றார். சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லாம் முடிந்தது. சமையல்கார சரோஜாம்மா கற்பூரம் கொண்டுவந்தார். அக்கா சுவிட்சைப் போட்டார். மின்விசிறிகள் சுற்றின. சிவப்பு, பச்சை, நீலம் என்று லைட் ஓடியது. எல்லாரும் கைதட்டினோம். மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருந்தது.

அடுத்த பத்தொன்பது நாட்களும் அப்படியே இருந்தது. அக்கா வேலைவிட்டு வந்ததும் ராம் மெமரியைப் பிடுங்கி பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகுவார். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஊதுவார். விதவிதமாகத் திட்டுவார். பவர் சப்ளைமேல் சந்தேகப்பட்டு அதை மட்டும் கழற்றி, மூன்று நாள் மூலையில் வைத்துத் தண்டித்தார். ஜன்னல் வழியாகக் கலர் கலராக வெளிச்சம் போய், எதிர்வீட்டுப் பெரியவர் வாட்ச்மேனிடம், "உள்ள என்னப்பா, அம்மன் கோயில் எதுவும் கட்டிட்டாங்களா?" என்று கேட்டாராம்.

இருபதாம் நாள் நர்ஸ் சீப்பு கேட்க வந்தாள். வந்தவள் மெஷினுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "ஏன்க்கா, தனியா கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருக்கீங்கள்ல? மானிட்டர் ஒயரை அதுலதானே சொருகணும்? மேல மதர்போர்டுல சொருகியிருக்கீங்க?" என்றாள். ஆஸ்பத்திரி ஸ்கேன் அறையில் பார்த்திருக்கிறாளாம்.

அக்கா எழுந்து, ஒயரைப் பிடுங்கி, கீழே இருந்த துளையில் சொருகினார். படம் வந்துவிட்டது. நர்ஸோடு மூன்று நாள் பேசவில்லை. நாலாவது நாள் கீழவாசலிலிருந்து ஜாங்கிரி வாங்கிவந்து அவள் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார்.

படம் வந்ததும் புதுச் சிக்கல். பத்து நிமிஷத்தில் மெஷின் தானாக அணைந்துவிடும். அப்போது கத்திரி வெயில். வெயில்தான் காரணம் என்று அக்கா முடிவு கட்டினார். ஜன்னலில் ஈரத் துண்டு தொங்கியது. அறையில் இருந்த ஒரே டேபிள் ஃபேன் கேபினெட் பக்கம் திரும்பியது. அக்கா வியர்வையில் குளித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஃபேன உங்க பக்கம் கொஞ்சம் திருப்பிக்குங்கக்கா."

"அதுக்குச் சூடு ஏறினா ஆஃப் ஆயிடும். எனக்குச் சூடு ஏறினா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. யாருக்கும் தெரியக்கூட தெரியாது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது அவ்வளவு சிரிக்கிற விஷயமில்லை என்று தோன்றியது.

இரண்டு வாரம் கழித்து, எதற்கும் பார்ப்போமென்று பிராசசர்மேல் இருந்த கூலரைக் கழற்றினார். அடியில் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியிருந்தார். உரித்து மாட்டியதும் மெஷின் குளிர்ந்துவிட்டது. அன்றைக்கு அக்கா நன்றாகச் சாப்பிட்டார். இட்லிக்கு மதிப்பெண்கூடப் போடவில்லை.

மிச்சமிருந்த எதிரி ஹாஸ்டல் தண்ணீர் மோட்டார். அதைப் போட்டால் லைட்டெல்லாம் மங்கி, அக்காவின் மெஷின் ஒருமுறை செத்துப் பிழைக்கும். அதற்கு ஓர் ஒப்பந்தம் ஆனது. சரோஜாம்மா மோட்டார் போடுமுன் கீழேயிருந்து "மோட்டார்ர்ர்!" என்று கூவுவார். அக்கா மாடியில் "இரு!" என்று கத்தி, செய்ததைச் சேமித்து, "போடு!" என்பார். இந்த மூன்று சத்தமும் தினமும் காலையில் கேட்கும். நாங்கள் அதை வைத்துப் பல் தேய்த்தோம்.

அக்காவைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது குறைவு. ஊர் சீர்காழிப் பக்கம். கல்யாணம் ஆகி, எட்டு மாசத்தில் அது முடிந்துபோயிருந்தது. ஏன் என்று கேட்டால், "ஈரம் ஜாஸ்தி, திருப்பி அனுப்பிட்டாங்க" என்பார். ஊரில் தம்பி குடும்பம் இருந்தது. தீபாவளிக்குக் காலையில் போய்ச் சாயங்காலமே திரும்பிவிடுவார். "ரெண்டு நாள் இருந்துட்டு வரக்கூடாதாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன். "வீட்டுல இடமெல்லாம் நிறைய இருக்கு பேங்க்கு. நான் எங்க உக்காரணும்னுதான் யாருக்கும் தெரியல" என்றார்.

அந்த வருஷம் ஆடி மாசத்தில் ஓனர் வந்தார். கட்டடத்தை விற்றுவிட்டதாகவும், இரண்டு மாசத்தில் காலி செய்ய வேண்டும் என்றும் சாப்பாட்டு அறையில் நின்று சொன்னார். ஒரே சத்தம். சிலர் அழுதார்கள், சிலர் அப்போதே போனில் வேறு ஹாஸ்டல் தேடினார்கள். அக்கா ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு மேலே போனார். அவர் எங்கே போகப் போகிறார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். எங்கள் கவலை எங்களுக்கு.

மறுநாள் என்னிடம் வந்து, "எல்லாரும் கிளம்பறதுக்குள்ள படத்தை முடிச்சு, கீழே ஹால்ல போட்டுக் காமிச்சிடணும் பேங்க்கு" என்றார். வேறெதையும் பேசவில்லை.

அதற்கப்புறம் வேலை முடிந்து வந்தால் மெஷின்தான். வரிசையாகப் பெண்களை அடுக்கினார். இன்ன வருஷம் போனவள், இன்ன மாசம் போனவள் என்று எல்லாம் மனப்பாடம். பெயரில்லாமலே, "இவ டெலிபோன் ஆபீசு. இவ ரெண்டாவது டீச்சரு. இவ அழுதுட்டே போன எல்ஐசி" என்று அடையாளம் சொல்வார். ஐம்பது நிமிஷப் படமானது. வெட்டி ஒட்டிய துண்டுகளை ஒரே படமாக்கி வெளியே எடுப்பதற்கு எக்ஸ்போர்ட் என்று பெயர். அக்கா அந்தப் பட்டனை அழுத்தினார். ஓடியது. எண்பத்திரண்டு சதவீதத்தில் நின்றது. மெஷின் அணைந்து, தானே திரும்ப எழுந்தது.

மறுபடி அழுத்தினார். எண்பத்திரண்டு. மோட்டார் போடவில்லை என்று சரோஜாம்மா சாமிமேல் சத்தியம் செய்தார். ராமை மாற்றினார், எண்பத்திரண்டு. மென்பொருளை அடியோடு அழித்துத் திரும்ப ஏற்றினார், எண்பத்திரண்டு. கேபினெட்டைக் கிழக்குப் பார்க்கத் திருப்பி வைத்தார், எண்பத்திரண்டு. "பதினேழுக்கு மேல போனா நான் எடுக்க மாட்டேன். இது எண்பத்திரண்டுக்கு மேல குடுக்க மாட்டேங்குது" என்று அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இதற்குள் பாதிப் பெண்கள் காலி செய்து போய்விட்டார்கள். ஒவ்வொருவர் போகும்போதும் ஓடிப்போய் வாசலில் நின்று படம் எடுத்து, அதையும் கடைசியில் சேர்த்துக்கொண்டே இருந்தார். படம் நீள நீள சதவீதம் குறைந்தது. ஆனால் நின்றதென்னவோ படத்தில் ஒரே இடத்தில்தான். அதைக் கவனித்தபோதுதான் அக்கா நிமிர்ந்தார்.

"மெஷின்ல கோளாறு இல்ல பேங்க்கு. மூட்டைக்குள்ள இருக்கு. ஒரு துண்டுதான் கெட்டிருக்கு."

"இத்தனை நூறு துண்டுல எதுன்னு எப்படிக்கா கண்டுபிடிப்பீங்க?"

"மூட்டைல எங்க ஈரம்னு கொட்டியா பார்க்கறோம்? குத்தூசிய விட்டு எடுத்துப் பார்க்கறதுதான்."

படத்தைப் பாதியாக வெட்டி எக்ஸ்போர்ட் செய்தார். முதல் பாதி வந்தது, இரண்டாம் பாதி நின்றது. அந்தப் பாதியைப் பாதியாக்கினார். அதையும் பாதியாக்கினார். ஒரு ஞாயிறு காலை காப்பிக்கு உட்கார்ந்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்குள் பிடித்துவிட்டார். பதினொரு நொடித் துண்டு.

பொங்கலன்று கொல்லையில் எடுத்தது. பானை பொங்குகிறது. அக்கா கரண்டியோடு குனிந்திருக்கிறார். பால் வழிந்து அடுப்பில் விழ, புகை கிளம்ப, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, வாய்விட்டுச் சிரிக்கப் போகிறார். அங்கே படம் கட்டங்கட்டமாக உடைந்து பச்சையாகிவிட்டது. முகமே இல்லை.

அதை எடுத்தது நான்தான். அக்கா ஒரு கையில் கரண்டியும் மறு கையில் செல்போனுமாகத் திண்டாடியதைப் பார்த்து, என் போனில் எடுத்து அவருக்கு ஏற்றிக் கொடுத்திருந்தேன். ஏற்றும்போது பாதியில் ஒயரைப் பிடுங்கியிருப்பேனோ என்னவோ. அந்தப் போனையும் மாற்றிவிட்டேன்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பன்னிரண்டு வருஷப் படத்தில் அக்கா இருக்கிற இடம் அது ஒன்றுதான்.

"அக்கா, இதை எப்படியாவது சரி பண்ணிடலாம். நெட்ல தேடிப் பார்க்கலாம். கொஞ்சம் பொறுங்க."

தேடினோம். சாயங்காலம்வரை என்னென்னவோ இறக்கி ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் முந்தானை விலகும், முகம் பச்சையாகும். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, அக்கா நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி விடு. இது ஒண்ணுக்காக அத்தனை பேரையும் நிறுத்தி வைக்க முடியாது" என்று சொல்லிவிட்டு டெலீட்டை அழுத்தினார். அவ்வளவு சாதாரணமாக, ஓர் எறும்பைத் தட்டிவிடுவதுபோல.

எக்ஸ்போர்ட் ஓடியது. நின்ற இடத்தைத் தாண்டியது. தொண்ணூறு. நூறு. பத்து மாசமாக நாங்கள் காத்திருந்த நூறு. நான் கைதட்டப் போனேன். அக்கா துண்டை எடுத்துக்கொண்டு முகம் கழுவப் போய்விட்டார். குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு அறையில் மானிட்டரை வைத்தார். முப்பது நாற்காலி போட்டார். அதற்குள் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். நான், நர்ஸ், வார்டன் மேடம், சரோஜாம்மா, வாட்ச்மேன் தாத்தா, அவ்வளவுதான். அக்கா காலி நாற்காலிகளை எடுக்கவில்லை. "இருக்கட்டும், காலை நீட்டிக்கலாம்" என்றார்.

படம் ஓடியது. பெண்கள் ஒவ்வொருவராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். ஒவ்வொரு முறையும் "கொஞ்சம் திரும்பிப் பாரும்மா" என்று குரல் மட்டும் கேட்டது. திரும்பினார்கள். சிரித்தார்கள். கையாட்டினார்கள். ஆட்டோ சந்து திரும்பியது. மறுபடி அந்தக் குரல், மறுபடி ஆட்டோ. முதலில் பெயர் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த நாங்கள் போகப்போகப் பேச்சை நிறுத்திவிட்டோம். முடிந்தபோது வார்டன் மேடம் மூக்கை உறிஞ்சினார்.

"ரொம்ப நல்லா இருக்குங்க. ஆனா நீங்க எங்கயுமே வரலையே?"

"நான்தானே மேடம் எடுத்தது" என்றார் அக்கா. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டதும், "இது பதினேழுக்கு மேல" என்று சிரித்தார்.

எனக்குக் கரூருக்கு மாற்றல் வந்திருந்தது. கிளம்புகிற அன்று, "நீங்க போறப்ப நான் லீவு போட்டு வந்து வாசல்ல நின்னு எடுப்பேன்க்கா. என்னைக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். "வா வா, மேக்கப்போட நிக்கறேன்" என்றார். அப்புறம் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னையும் திரும்பிப் பார்க்கச் சொன்னார். திரும்பினேன். செல்போனுக்குப் பின்னால் முகம் சரியாகத் தெரியவில்லை.

என்றைக்கு என்று அவர் சொல்லவே இல்லை. மாசக் கடைசி வேலை முடிந்து நானாகவே ஒருநாள் போய் நின்றபோது கேட்டில் பூட்டு. வாட்ச்மேன் தாத்தாதான் சொன்னார்: இரண்டு நாள் முன்னால் லோடு ஆட்டோ வந்ததாம். முன் சீட்டில், டிரைவர் பக்கத்தில் கம்ப்யூட்டரை உட்காரவைத்து, கயிறு போட்டுக் கட்டி, அக்கா பின்னால் கட்டிலோடும் பக்கெட்டோடும் ஏறி உட்கார்ந்துகொண்டாராம். "திரும்பிப் பார்த்தாங்களா தாத்தா?" என்று கேட்டேன். "யாரு கூப்பிட்டா திரும்பறதுக்கு?" என்றார் அவர்.

இப்போது அக்கா பாபநாசத்தில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறார். சும்மா போன் செய்து, "எப்படி இருக்கீங்கக்கா?" என்று கேட்டால், "இருக்கேன், நீ இருக்கியா, சரி வச்சிடு" என்று அரை நிமிஷத்தில் முடித்துவிடுவார். இரண்டு மூன்று முறை இப்படி ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அக்கா, என் லேப்டாப் திடீர்னு நின்னுடுதுக்கா" என்று சொல்லிப் பார்த்தேன். ஒன்றேகால் மணி நேரம் பேசினார். எப்போது நிற்கிறது, சத்தம் வருகிறதா, அடியில் கை வைத்தால் சுடுகிறதா என்று கேட்டுவிட்டு, நடுவில் குறுவை நெல் வரத்து, கீழ் வீட்டுக்காரம்மாவின் மிக்ஸி, தனக்கு வந்த காய்ச்சல் எல்லாவற்றையும் சொன்னார்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் போன் செய்கிறேன். கீபோர்டில் ஒரு எழுத்து விழவில்லை, திரை நடுங்குகிறது, ஃபேன் கத்துகிறது. அக்கா ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் சொல்கிறார். நான் "உம், உம்" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாரம் ஒரு கோளாறுக்கு எங்கே போவது? சனிக்கிழமை உட்கார்ந்து நெட்டில் தேடி எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

என் லேப்டாப் வாங்கிய நாளிலிருந்து ஒரு நாள்கூட நின்றதில்லை.